பெறுநர் பட்டியல்

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் டோபிகானா எனப்படும் சலவைக்கூடம் ஒன்று உண்டு. தலைமுறைகளுக்கு முன்னர்த் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார் இன்றும் அங்கே துணி வெளுத்து, வெயிலில் உலர்த்தி, தேய்த்துத் தருகின்றனர். துணியின் ஓரத்தில் அழியாத மையால் வீட்டுக்கொரு குறி இடுவது சலவைத் தொழிலின் பழைய வழக்கம். அதனால் பல வீட்டுத் துணிகள் கலந்து கிடந்தாலும் ஒருவர் சட்டை மற்றொருவர் வீட்டுக்குச் செல்வதில்லை. ஆயினும் குறி காட்டுவது வீட்டைத்தான். அவ்வீட்டில் இப்போது குடியிருப்பவர் யார் என்பதை அது அறியாது. பழைய குடித்தனக்காரர் போய்ப் புதியவர் வந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் துணி கொண்டு செல்லும் மனிதரே.

கணினி தானாக அனுப்பும் மின்னஞ்சலின் நிலையும் இத்தகையதே. விடுமுறைக்கு ஊர் செல்ல இரயில் பயணச்சீட்டு பதிவு செய்தவுடன் ஒரு மடல் வருகிறது. அதனை எவரும் அமர்ந்து எழுதுவதில்லை. மடலின் வாசகம் முன்னரே எழுதப்பட்டு, வழங்கி எனப்படும் சர்வர் கணினியில் உள்ளது. எப்போது அனுப்புவது என்னும் கட்டளையும் அதனுடன் இருக்கிறது. யாருக்கு அனுப்புவது என்பதே எஞ்சிய வினா. பயணச்சீட்டு மடலில் பதிவு செய்பவரே தம் முகவரியைத் தந்துவிடுகிறார். ஆனால் எச்சரிக்கை, அறிவிப்பு போன்ற மடல்களுக்குப் பெறுநர் பட்டியல் ஒன்றை ஒருவர் அமைத்துப் பேணவேண்டும்.

இதற்கு எளிய வழியொன்று 1980களிலேயே பரவியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சென்ட்மெயில் என்னும் மென்பொருள், மாற்றுப்பெயர்க் கோப்பு ஒன்றைப் பயன்படுத்தியது. ‘முதல்வர்’ என்பது ஒரு மாற்றுப்பெயர் என்று கொள்வோம். அப்பெயருக்கு எதிரே இப்போதைய முதல்வரின் முகவரி எழுதப்பட்டிருக்கும். மடல்கள் யாவும் ‘முதல்வர்’ என்னும் பெயருக்கே செல்லும். முதல்வர் இடமாறுதல் பெற்றுச் சென்றால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். இடமாறுதல் என்பது என்னவென்று மத்தியப் பள்ளி மாணவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை! ஒரு மாற்றுப்பெயருக்கு எதிரே பத்து முகவரிகளையும் எழுதலாம். பத்துப் பேருக்கும் மடல் போய்ச் சேரும்.

முகவரி தவறானால் என்ன நேரும்? அனுப்பும் கணினி ஒவ்வொரு பெறுநரின் பெயரையும் எதிர்முனைக் கணினியிடம் சொல்லும். அது மூன்று இலக்க எண்ணால் மறுமொழி கூறும். 250 என்றால் ஏற்றுக்கொண்டது. 4 எனத் தொடங்கும் எண் வந்தால் பிறகு முயலவேண்டும். 550 என்றால் பெரும்பாலும் அப்படியொரு அஞ்சல்பெட்டி அங்கே இல்லை. 550 வந்தால் மடல் திரும்பி வரும். திரும்பி வரும் மடலைப் படித்துப் பட்டியலைத் திருத்துவது நிர்வாகியின் கடமை. இதனினும் கொடியது ஒன்று உண்டு. பெட்டி இருக்கிறது, மடலையும் ஏற்கிறது. ஆனால் அதைப் பார்க்கவேண்டியவர் பதவி மாறிச் சென்றுவிட்டார். அப்போது 250 என்னும் நல்ல மறுமொழியே வரும்.

மின்னஞ்சலில் அன்றித் தொலைநகலில் இத்தகைய பிழை ஒன்று நிகழ்ந்ததை 2004ஆம் ஆண்டின் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஒன்பது மணியை நெருங்கும் வேளையில் தில்லியிலிருந்து நிலநடுக்கச் செய்தி தொலைநகலாக அனுப்பப்பட்டது. அது சென்றதோ முன்னாள் அமைச்சர் ஒருவரின் இல்லத்துக்கு! ஆட்சி மாறி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன, பட்டியல் மாறவில்லை. அச்செய்தி உரியவர் கைக்குச் சென்றிருந்தாலும் நாகப்பட்டினத்தைக் காக்க நேரம் போதியிருக்காது. மேற்குக் கரையின் நிலை வேறு. அங்குப் பேரலைகள் நண்பகல் அளவிலேயே தாக்கின. கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டிலும், கொச்சிக் காயலின் மறுகரையிலுள்ள வைப்பின் தீவின் எடவனக்காட்டிலும் உயிர்கள் மடிந்தன. ஒரு தொலைநகலால் மட்டும் அவ்வுயிர்களைக் காத்திருக்க முடியும் என்று கூற இயலாது. ஏனெனில் ஆழிப்பேரலையை எச்சரிக்கும் மையமே அன்று இந்தியாவில் இல்லை.

அம்மையம் 2007ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. கடல்சார் தகவல் சேவைக்கான தேசிய மையமாகிய இன்காய்ஸ் அதனை இரவுபகலாக நடத்துகிறது. கடலடியில் நிலம் அதிர்ந்தால், சில நிமிடங்களில் அறிக்கை ஆயத்தமாகிறது. மின்னஞ்சல், தொலைநகல், குறுஞ்செய்தி எனப் பல வழிகளிலும் அது ஒரே வேளையில் அனுப்பப்படுகிறது. ஒரு வழி அடைபட்டாலும் மற்றொன்று திறந்திருக்க வேண்டும் என்பதே காரணம். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்தபோது இவ்வமைப்பு உடனே அறிக்கைகளை வெளியிட்டது. நற்பேறாக அலை சிறிதாகவே எழுந்தது.

இந்தியப் பெருங்கடல் நாடுகள் அவ்வப்போது ஒத்திகை நடத்துகின்றன. ‘இது பயிற்சி மட்டுமே’ என்னும் குறிப்புடன் போலி எச்சரிக்கை மடல்கள் அனுப்பப்படும். எவ்வளவு நேரத்தில் மடல் கிடைத்தது, உரிய அலுவலர் அதைக் கண்டாரா என்பன குறித்துக்கொள்ளப்படும். மறுமொழி வராத முகவரிகளை ஒவ்வொன்றாக விசாரித்து, அப்பொறுப்பில் இப்போது இருப்பவர் யார் எனக் கேட்டுப் பட்டியலைத் திருத்துதல் மனிதர்கள் செய்யும் பணி.