கடலோரப் பள்ளியில் கரிப்புகை

"கடற்கரை ஊராயிற்றே, உங்களுக்குக் காற்றுக்கென்ன குறை?" புதுப்பட்டினத்தில் பணிபுரிகிறேன் என்றதும் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். நண்பகலில் வந்து பார்த்தால் அது உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது காலையில்.

அறிவியலில் நாம் நடத்தும் நிலக்காற்று, கடல்காற்றுப் பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால், நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகே கடல்காற்று உள்ளே வரும். இடைப்பட்ட நேரத்தில் காற்று ஏறக்குறைய அடங்கிவிடும். தரையையொட்டிய குளிர்ந்த காற்றும் எளிதில் மேலெழாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தும் லாரியும் பள்ளி வேன்களும் நெருக்குவது அப்போதுதான். மும்பைத் தீவு நகரத்துக்கு மூன்று பக்கமும் கடல். குளிர்காலத்தில் காற்று தளர்ந்தால் அங்கும் புகை மண்டுகிறது.

டீசல் முழுமையாக எரியாதபோது உண்டாவது கரித்துகள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் காற்றுநுண்ணறை வரை போய்விடும். டீசல் புகை புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டு சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். அந்நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ வெறும் 5. 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 விதி வந்து புதிய டீசல் வண்டிகளில் கரிவடிகட்டி பொருத்தப்படுகிறது. பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன!

இதைக் காட்டக் கருவி எதுவும் வேண்டாம். சாலையோரப் புங்கமரத்து இலை ஒன்றையும் பள்ளியின் பின்புறத்து இலை ஒன்றையும் ஈரப்பஞ்சால் துடைக்கச் சொன்னேன். மண்தூசி பழுப்பாக வந்தது. சாலையோர இலையில் கறுப்புப் பிசுக்கும் சேர்ந்து வந்தது. "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க மூக்கும் வண்டிப் புகைக்குழாயும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தானே சார்?" என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. எந்தப் பாடநூலும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

இப்போது காலை வழிபாட்டுக் கூட்டம் கட்டடத்துக்குப் பின்புறம் நடக்கிறது. வாயிலில் நிற்கும்போது எஞ்சினை அணைக்கச் சொன்னோம். ஆட்டோ ஓட்டும் அண்ணன்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். வேன்காரர்களிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.