திசைக் கணக்கா? முதல்ல கடலைப் பாருங்க!

கேம்பஸ் இன்டர்வியூவில் பல கம்பெனிகளுக்கு முதல் சுற்றே ஆப்டிட்யூட் தேர்வுதான். அதில் கோட்டை விட்டால், நாலு வருஷம் படிச்ச பாடத்தைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டாங்க. அங்கே சுலபமா மார்க் எடுக்கக்கூடிய பகுதி, திசையும் தூரமும். ஆனா நிறைய பேர் இதில்தான் குழம்புறாங்க. ஏன்?

பாகூர் பக்கம், பனித்திட்டு கடற்கரையில் கடலைப் பார்த்து நிற்கிறதா நினைச்சுக்கோங்க. எதிரே கிழக்கு. இடக்கைப் பக்கம் வடக்கு, அங்கே புதுச்சேரி. வலக்கைப் பக்கம் தெற்கு, அங்கே கடலூர். முதுகுக்குப் பின்னால் மேற்கு. இப்போ அப்படியே ஊரைப் பார்த்துத் திரும்புங்க. புதுச்சேரி வலக்கைப் பக்கம் வந்துடுச்சு. ஆனா புதுச்சேரி நகரவே இல்லையே! திசை மண்ணோடது, வலதும் இடதும் உங்களோடது. குழப்பம் இங்கேதான்.

அதனால பேப்பரில் மேலே வடக்கு, வலப்பக்கம் கிழக்குன்னு முதல்லயே குறிச்சிடுங்க. ஊர்ப்பக்கம் மேலத்தெருன்னா மேற்குத் தெரு. அந்தப் பழக்கத்தில் மேற்கை மேலே போட்டுடாதீங்க!

ஒரு கணக்கு: ஒருத்தர் வடக்கே 10 மீட்டர் நடக்கிறார். வலப்பக்கம் திரும்பி 15 மீட்டர். மறுபடி வலப்பக்கம் திரும்பி 30 மீட்டர். கிளம்பின இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?

ஒவ்வொரு திருப்பத்தையும் திசையா மாத்துங்க: வடக்கு 10, கிழக்கு 15, தெற்கு 30. எதிரெதிர் திசைகளைக் கழிங்க: தெற்கு 20, கிழக்கு 15. மிச்சம் பிதாகரஸ்: 400 + 225 = 625. வர்க்கமூலம் 25 மீட்டர்.

நடந்த தூரம் 55 மீட்டர். ஆப்ஷனில் அதுவும் இருக்கலாம், உஷார்! அவர் இருக்கிறது தென்கிழக்கு. ஆனா "அவர் இருக்கும் இடத்திலிருந்து கிளம்பின இடம் எந்தத் திசை?"ன்னு கேட்டா வடமேற்கு. கேள்வியில் "இருந்து" எந்த இடத்தோட ஒட்டியிருக்குன்னு பார்த்தா போதும்.

நிழல் கணக்கும் இதேதான். காலையில் நிழல் மேற்கே விழும், சாயங்காலம் கிழக்கே. காலையில் நிழல் இடப்பக்கம் விழுந்தா, இடக்கைப் பக்கம் மேற்கு. அப்போ அவர் பார்க்கிறது வடக்கு.

இப்போ உங்க முறை: சாயங்காலம் நிழல் இடப்பக்கம் விழுந்தா? தெற்குன்னு உடனே வந்துடுச்சா? அப்போ இந்தப் பகுதி இனி உங்க கையில்!