படைவீரர் யாருக்குக் கீழ்ப்படிவார்?

முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் உள்ளது என்று குடிமையியல் வகுப்பில் படித்த அன்று எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. தோணியில் தண்டல் சொல்லுக்கு மறுபேச்சில்லை. தருவைகுளத்துப் பிள்ளைகள் யாவரும் இதனை அறிவோம். படையிலும் அப்படித்தானோ? தலைவரின் ஆணையே முறையானதா என்று நாடு கேட்டால், வீரர் என்ன செய்வார்?

1975-இல் நம் நாட்டில் இக்கேள்வி எழுந்தது. ஜூன் 25 மாலை, டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண், சட்டத்துக்குப் புறம்பான ஆணைகளுக்குப் பணிய வேண்டாம் எனப் படையினரையும் காவலரையும் கேட்டுக்கொண்டார். இது கலகத்தைத் தூண்டும் பேச்சு என்றது அரசு. அன்றிரவே, பிரதமர் இந்திரா காந்தியின் ஆலோசனைப்படி, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியதோ மறுநாள் காலையில்தான்! கையெழுத்து முன்னே, கலந்தாலோசனை பின்னே.

இது இராணுவ ஆட்சி அன்று. இராணுவ ஆட்சியில் படையினரே ஊரை ஆள்வர். 1919-இல் ஆங்கிலேயர் பஞ்சாபில் அதனைக் கொண்டுவந்தனர். 1975-இல் ஆட்சி அமைச்சர்களிடமே இருந்தது. படை அதிகாரத்தைக் கைப்பற்றவில்லை. ஆயினும் பல்லாயிரவர் விசாரணையின்றிச் சிறையில் வாடினர். 1976 ஜனவரி 31 அன்று நம் மாநில அரசும் கலைக்கப்பட்டது. 1977 மார்ச் வரை இந்நிலை நீடித்தது.

பின்னர் 1978-இல் 44-ஆவது திருத்தம் வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் கையெழுத்திடலாகாது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றமும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் ஏற்க வேண்டும்.

இனி, வீரரின் உறுதிமொழி. அரசியலமைப்புக்கு உண்மையாயிருப்பேன் என்கிறார். அதே மூச்சில், குடியரசுத் தலைவரின் ஆணைகளுக்கு, உயிருக்கே ஆபத்து வரினும், கீழ்ப்படிவேன் என்கிறார். இரண்டும் மோதினால்? 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், சட்டப்படியான ஆணையை மீறுவதையே குற்றம் என்கிறது. 'சட்டப்படியான' என்னும் அந்த ஒரு சொல்லை நள்ளிரவில் துப்பாக்கியுடன் நிற்கும் இருபது வயது அண்ணன் எப்படி எடைபோடுவார்? எங்களுக்குப் பெரிதும் அச்சமூட்டியது இதுவே.

தென்கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு அந்த வேளை வந்தது. அதிபர் யூன் சுக் இயோல் இராணுவ ஆட்சியை அறிவித்தார். வீரர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தனர். உறுப்பினர்கள் சிலர் மதிலேறிக் குதித்து உள்ளே சென்றனர். வந்துசேர்ந்த 190 பேரும் ஒருமனதாக அதனை நீக்க வாக்களித்தனர். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2025 ஏப்ரல் 4 அன்று அவரைப் பதவிநீக்கிய அரசியலமைப்பு நீதிமன்றம், உறுப்பினர்கள் விரைவில் வாக்களிக்க முடிந்ததற்கு இரு காரணங்களைக் குறிப்பிட்டது: மக்களின் எதிர்ப்பு, ஆணையை நிறைவேற்றுவதில் படையினரும் காவலரும் காட்டிய தயக்கம்.