பாய்மரப் படகுக்குக் கயிறா, கம்பியா? விற்பவர் அறிந்திருக்க வேண்டியவை

கரையோர நகரங்களில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் எமது சகோதரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "பழைய பாய்ப் படகுக்குக் கட்ட எது நல்லது? நைலோனா, கம்பியா?" பெரும்பாலும் கையிருப்பில் எது அதிகமாக இருக்கிறதோ அதுவே பதிலாகி விடுகிறது. ஆனால் கடலில் பாய்மரம் சரிந்தால் ஆபத்து படகில் இருப்பவர்களுக்கே. எனவே கேட்பவருக்கு உரிய பதிலைச் சொல்லத் தெரிந்திருப்பது வியாபாரத்தின் ஒரு பகுதியாகும்.

நீர்கொழும்பின் 'ஒருவ' படகை எடுத்துக்கொள்வோம். ஒடுங்கிய உடம்பு, ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை, இரண்டையும் இணைக்கும் வளைந்த மரக்கைகள். இவை ஆணியால் அறையப்படாமல் கயிற்றினாலேயே கட்டப்படுகின்றன. அலை அடிக்கும்போது கட்டுகள் சற்று இளகிக் கொடுப்பதால்தான் மரம் பிளக்காமல் தப்புகிறது. மேலும், மிதவைக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கும்படி இப்படகு ஓட்டப்படுகிறது. திசை மாற்றும்போது முன்முனை பின்முனையாகிறது. ஆகவே, பாய்மரத்தை மிதவைப் பக்கம் தாங்கும் கயிற்றிலேயே பெரும் பாரம் விழுகிறது. அக்காலத்தில் இவ்வேலைகளைத் தும்புக்கயிறு செய்தது. அது உப்பு நீரைத் தாங்கும். ஆனால் பலம் குறைவு, இழுபடுவது அதிகம்.

முதலில் கம்பியைப் பார்ப்போம். 6 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஏறத்தாழ 3 தொன் வரை தாங்கும். இழுபடுவது மிகக் குறைவு, உராய்வுக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. நவீன உல்லாசப் படகுகளுக்கு இது பொருத்தமானது. ஆனால் மரத்தால் கட்டப்பட்ட பழைய படகில் கம்பி கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. அதிர்ச்சி முழுவதும் அது பூட்டப்பட்ட மரத்தில் இறங்கும். கம்பி நிற்கும், மரம் பிளக்கும். இன்னொரு குறையும் உண்டு. முனைகளை அழுத்திப் பூட்டிய குழாய்க்குள் உப்பு நீர் தங்கினால், வெளியே பளபளப்பாக இருக்கும் கம்பி உள்ளே அரிக்கப்பட்டு முன்னறிவிப்பின்றி அறுந்துவிடும். கல்வனைஸ் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். எனினும் அந்தத் துரு கண்ணுக்குத் தெரிவதால் மாற்ற வேண்டிய நேரத்தை அதுவே காட்டிவிடும். கல்வனைஸ் கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் கொளுக்கி கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். இரு உலோகங்களும் உப்பு நீரில் சேர்ந்தால் கல்வனைஸ் பூச்சு விரைவாகக் கரைந்து போகும்.

கம்பியைக் கிளிப் போட்டுப் பூட்டுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கிளிப்பின் தட்டையான அடிப்பகுதி பாரம் இழுக்கும் நீண்ட கம்பியின் மீதும், வளைந்த 'யூ' போல்ட் வெட்டிய குறுகிய முனையின் மீதும் அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் இழுக்கும் கம்பியே நசுங்கிப் பலமிழக்கும். 6 மில்லிமீற்றர் கம்பிக்கு மூன்று கிளிப்புகள் பாதுகாப்பானவை.

இனிக் கயிற்று வகைகள். நைலோன் பலமானது, ஆனால் நன்கு இழுபடும், நனைந்தால் பலத்தில் பத்தில் ஒரு பங்களவு குறையும். நங்கூரத்துக்கு அந்த இழுவை நன்மை. பாய்மரத்தைத் தாங்குவதற்குத் தீமை. பொலிபுரொப்பிலீன் மலிவானது, நீரில் மிதக்கும். ஆனால் வெயிலில் விரைவாக நார் உதிரும். பொலியெஸ்டர் நனைந்தாலும் பலம் குறையாது, வெயிலைத் தாங்கும், நைலோனைவிடக் குறைவாகவே இழுபடும். டைனீமா என்பது கம்பிக்குச் சமமான இடத்தில் வைக்கத்தக்கது. ஒரே தடிப்பில் ஸ்டெயின்லெஸ் கம்பியை விடப் பலமானது, எடையோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஆனால் விலை பல மடங்கு. வழுக்கும் தன்மை உள்ளதால் சாதாரண முடிச்சு நிற்காது. முனையை உட்செருகிப் பின்ன வேண்டும். சூட்டுக்கும் ஆகாது, 150 பாகை செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும்.

கிலோ கணக்கில் விற்பவர்களும் வாங்குபவர்களும் அவதானிக்க வேண்டிய கணக்கு இது. 12 மில்லிமீற்றர் முறுக்குக் கயிற்றில் ஒரு கிலோவுக்குப் பொலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 15 மீற்றர், நைலோன் 11 மீற்றர், பொலியெஸ்டர் 8.5 மீற்றர் வரும். கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டால் பொலியெஸ்டரின் உண்மையான செலவு மறைந்துவிடும். மீற்றருக்கு என்ன விலை, அது எத்தனை வருடம் உழைக்கும் என்ற இரண்டையும் சேர்த்தே வாடிக்கையாளருக்குக் கூற வேண்டும்.

அப்படியானால் 'ஒருவ' போன்ற படகுக்கு எது? மரக்கைகளின் கட்டுகளுக்கும், பாய்மரத்தைத் தாங்குவதற்கும், பாயை ஏற்றி இறக்குவதற்கும் பொலியெஸ்டர் பெரும்பாலும் போதுமானது. பாரம் அதிகமாக விழும் மிதவைப் பக்கத் தாங்குகயிற்றுக்கு மட்டும், பணம் செலவழிக்கக்கூடியவர் டைனீமாவைப் போடலாம். அப்போதும் கடைசி இழுப்பைப் பல சுற்றுப் பொலியெஸ்டர் கயிற்றால் கட்டினால் மரத்துக்குச் சற்று இளக்கம் கிடைக்கும். கரடுமுரடான மரத்தில் உரசும் இடங்களில் தோல் அல்லது குழாய் உறை அவசியம்.

பலத்தைக் கணக்கிடும்போது, சுருளில் எழுதியிருக்கும் அறுபடும் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கையே வேலைப் பாரமாகக் கொள்வது வழக்கம். முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலம் பாதியளவுக்குக் குறையலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைக்காரரின் பொறுப்பும் ஒன்றுண்டு. கடை வாசலில் வெயிலில் மாதக்கணக்காகத் தொங்கிய சுருளின் வெளிச்சுற்று பலம் குன்றியிருக்கும். அதை வெட்டி ஒதுக்காமல் உட்சுற்றோடு சேர்த்து விற்பது, மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி நனைந்ததை உள்ளே மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செயலுக்கே ஒப்பாகும். பழைய சுருளை வேலி கட்டவும் பொதி கட்டவும் குறைந்த விலையில், குறையைச் சொல்லியே விற்கலாம். கடலுக்குப் போகும் கயிறு மட்டும் நிழலில் வைத்த புதிய சுருளிலிருந்து அளக்கப்படட்டும். அடுத்த பருவத்தில் அதே மீனவர் இன்னும் இருவரை அழைத்துக்கொண்டு உங்கள் கடைக்கே வருவார், இன்ஷா அல்லாஹ்.