உள்ளங்கை அரித்தால் கொலஸ்ட்ராலைப் பார்க்காதீர்கள்

மாதாமாதம் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு நடக்கும் சிறப்புப் பரிசோதனை நாள் நெருங்குகிறது. செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே குழப்பம்தான். எட்டாம் மாதம், லேப் அறிக்கையில் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் தடித்த எழுத்தில் இருக்கின்றன, உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன. நெய்யை நிறுத்துவதா, விட்டமின் வாங்குவதா?

நெய்மேல் பழி போட வேண்டாம். கடைசி மூன்று மாதங்களில் ட்ரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்கு ஏறும். கொலஸ்ட்ராலும் கால் பங்கிலிருந்து பாதி வரை கூடும். லேப்காரர்கள் அச்சடித்து வைத்திருக்கும் 'நார்மல்' கர்ப்பமில்லாத உடம்புக்கானது.

கவனிக்க வேண்டியது அரிப்பைத்தான். தடிப்பு எதுவும் இல்லாமல், ராத்திரியில் அதிகமாகும் அரிப்பு கர்ப்பகாலப் பித்தத் தேக்கமாக இருக்கலாம். கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பலருக்கு மஞ்சளாவதே இல்லை.

இந்த இடத்தில் விட்டமின் கே வருகிறது. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. குடலுக்குப் பித்தம் வராவிட்டால் அவை ரத்தத்தில் சேராது. முருங்கைக்கீரையில் எவ்வளவு கே இருந்தாலும் மலத்தோடு போய்விடும். கே இல்லாவிட்டால் ரத்தம் உறையத் தேவையான 2, 7, 9, 10 எண் காரணிகளைக் கல்லீரல் அரைகுறையாகத்தான் செய்யும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. தேக்கம் பல வாரம் நீண்டவர்களுக்கும், மலம் வெளுத்து எண்ணெய்ப் பசையோடு போகிறவர்களுக்கும்தான் பயம் அதிகம். கவனிக்காமல் விட்டால் பிரசவத்தின்போது ரத்தப்போக்காக வெளிப்படலாம். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது, ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் 'ப்ரோத்ராம்பின் நேரம்' என்ற பரிசோதனை.

அந்த நேரம் நீண்டிருந்தால் கே ஊசி போடுவார்கள். ஊசி குடல் வழியாகப் போவதில்லை; அதற்குப் பித்தம் தேவையில்லை. மறுநாள் நேரம் குறைந்துவிட்டால் கல்லீரல் என்ற ஆலை நன்றாக இருக்கிறது, கே என்ற சரக்குதான் வந்து சேரவில்லை என்று பொருள். குறையவில்லையா, ஆலையே பழுது. ஒரே ஊசி மருந்தாகவும் சோதனையாகவும் வேலை செய்வது எனக்குப் பிடித்த சூட்சுமம்.

கலங்கவைப்பது இன்னொன்று. ஆலை பழுதாகும் நோய்களில் ஒன்று கர்ப்பகாலக் கடுமையான கொழுப்புக் கல்லீரல். பெயரில்தான் கொழுப்பு, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்கிவிடுவதுண்டு. அப்போது லேப் தாளில் அது 'நார்மல்' என்றே தெரியலாம்! கடைசி மாதங்களில் விடாத வாந்தி, மேல்வயிற்று வலி, அடங்காத தாகம், தடுமாற்றம் இருந்தால் 9ஆம் தேதி வரைக்கும் பொறுக்காதீர்கள். உடனே 108.

2016இல் தொடங்கிய இந்த 9ஆம் தேதிப் பரிசோதனைக்கான மத்திய அரசுத் திட்டம் 'முழுமையான, தரமான' பரிசோதனை தருவதாகச் சொல்கிறது. ஹீமோகுளோபின், சிறுநீர், சர்க்கரை, ஸ்கேன் போன்றவை வரைக்கும்தான் அந்த முழுமை. பித்தத் தேக்கத்தைக் காட்டும் ரத்தப் பித்த அமில அளவு பட்டியலில் இல்லை. பிரசவத்தை எப்போது வைத்துக்கொள்வது என்பதையே அந்த ஒரு எண் தீர்மானிக்கக்கூடும். லிட்டருக்கு 100 மைக்ரோமோலோ அதற்கு மேலோ போனால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து 3.44 சதவீதம்; 40க்குக் கீழே 0.13 சதவீதம்தான் என்றது 2019இல் லான்செட்டில் வந்த ஆய்வு. ஆகவே அரிப்பு இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லி, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள்.

மற்ற கேள்விகள்:

பித்தத் தேக்கத்துக்குத் தரும் அர்சோடியாக்சிகோலிக் மாத்திரை குழந்தையைக் காப்பாற்றுமா? பிரிட்டனில் 605 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் அப்படித் தெரியவில்லை. அரிப்பு கொஞ்சம் தணியலாம்.

விட்டமின் ஈ அளவு சரியாக இருக்கிறதே? ஈ ரத்தக் கொழுப்பில் ஏறித்தான் பயணிக்கிறது. கொழுப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும், நம்பாதீர்கள்.

காட் மீன் ஈரல் எண்ணெய்? வேண்டாம், ஏ மிகுந்தால் கருவுக்குக் கேடு.

இரும்பு, ஃபோலிக் மாத்திரைகள்? நிறுத்தாதீர்கள், இவற்றுக்குப் பித்தம் தேவையில்லை.

கீழாநெல்லி? ரத்தப் பரிசோதனைக்கு அது மாற்று இல்லை.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா? பித்தத் தேக்கம் தொற்றாது. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஈ வேறு, கர்ப்பிணிகளுக்கு அது உயிராபத்து.

அடுத்த பிரசவத்தில் திரும்ப வருமா? வர வாய்ப்பு அதிகம். முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள்.