திருப்புடைமருதூர் கோபுர ஓவியங்கள்

திருப்புடைமருதூர் கோபுர ஓவியங்கள் என்பன, திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணியுடன் கடனாநதி கூடும் இடத்தில் அமைந்துள்ள நாறும்பூநாதர் கோயிலின் இராசகோபுரத்தினுள் தீட்டப்பட்டுள்ள சுவரோவியங்கள் ஆகும். கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் இவை காணப்படுகின்றன. விசயநகர, நாயக்கர் காலங்களில், 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வரையப்பட்டவை எனக் கருதப்படுகின்றன. இராமாயணம், திருவிளையாடற் புராணம், அடியார் வரலாறு ஆகியவற்றுடன் போர்க்காட்சிகளும், குதிரைகளை ஏற்றிவரும் கப்பலும் இடம்பெற்றுள்ளன. போர்க்காட்சிகளை, 1532இல் அச்சுதராயரின் படைக்கும் திருவிதாங்கூர் மன்னரின் படைக்கும் நடந்த தாமிரபரணிப் போருடன் ஆய்வாளர் சா. பாலுசாமி தொடர்புபடுத்துகிறார்.

நிழலின்மை

இவ்வோவியங்களில் எவ்வுருவத்துக்கும் நிழல் விழுவதில்லை. ஏறத்தாழ இதே காலத்தில், ஐரோப்பாவின் பரோக் சமய ஓவியம் நிழலையே முதன்மைக் கருவியாகக் கொண்டது. கரவாஜ்ஜியோ 1599–1600இல் உரோமை நகரத் தேவாலயம் ஒன்றுக்கு வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதில் இருண்ட அறைக்குள் வலப்புறமிருந்து ஒளி பாய்கிறது; இயேசுவின் நீட்டிய கையும் அத்திசையிலிருந்தே வருகிறது. மேசையருகே இருப்பவர் 'என்னையா?' என்பதுபோல் விரல் சுட்டுகிறார். அழைப்பின் ஒரு நொடி அங்கே உறைந்து நிற்கிறது.

திருப்புடைமருதூர் ஓவியருக்கு அந்த ஒற்றை நொடி தேவைப்படவில்லை. கதையைத் தொடர்ச்சியாகச் சொல்லும் மரபில் ஒரே மாந்தர் அடுத்தடுத்துப் பலமுறை தோன்றுவர். ஒளி ஒரு திசையிலிருந்து விழுமாயின் காலமும் ஒன்றாகிவிடும், கதை நகராது. ஆகவே நிழலின்மையைத் திறனின்மை எனக் கொள்வது பொருந்தாது. செங்காவி, மஞ்சள் முதலிய வண்ணங்கள் சீராகப் பூசப்பட்டு, உடலின் திரட்சி கோட்டினாலேயே உணர்த்தப்படுகிறது.

கையும் மெய்ப்பாடும்

ஒளி செய்யவேண்டிய பணியைக் கைகள் செய்கின்றன. குவித்த கை அடியவரையும், அபயக் கை இறைவனையும், வாய்பொத்திய கை பணிவோரையும் காட்டுவது நாயக்கர் கால ஓவிய மரபு. கூத்திலும் நாட்டியத்திலும் இவற்றைக் கண்டு பழகியவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இத்தலத்துக் கதையே ஒரு மெய்ப்பாட்டைச் சொல்வதுதான்: ஆற்றின் மறுகரையிலிருந்து கருவூர்ச் சித்தர் அழைத்ததைக் கேட்க இறைவன் தலைசாய்த்தாராம், இலிங்கம் சாய்ந்திருப்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

பாதுகாப்பு

ஓவியத்தினுள் ஒளியின் திசை இல்லையெனினும், கோபுரத்தினுள் உண்டு. நிலைகளின் வாயில்கள் வழியே புகும் பகலொளி சுவரின் ஒரு பகுதியைத் துலக்கி, மூலைகளை இருளில் விடுகிறது. இவ்விருள் வண்ணங்களுக்குக் காப்பும் ஆகும். மிகுந்த ஒளி பட்டால் பழைய வண்ணங்கள் வெளிறக்கூடும். மழைநீர்க் கசிவு, வௌவால் எச்சம், தொடுதல், பெயர் கீறுதல் ஆகியவை கோபுர ஓவியங்களுக்குப் பொதுவான கேடுகள். தமிழகத்தின் வேறு பல கோயில்களில் திருப்பணியின்போது ஓவியங்கள்மீது சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. அவ்வாறு மறைந்தவற்றை மீட்பது அரிது.