குசினித் தொட்டியின் கீழே ஒரு பிடிவாதப் பொறி

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து மேடாக எழுந்து நிற்கும் ஓர்ஸ் ஹில் பகுதியைத் தமிழ் மக்கள் உவர்மலை என்று அழைப்பர். பெயரின் மூலம் எதுவாயினும் ஆகுக. அங்கே வீசும் காற்றில் உவர்ப்பு உண்டென்பதை அப்பகுதி இல்லத்தரசிகள் நன்கறிவர். சன்னற் கம்பி, சைக்கிட் சங்கிலி, தையற்பொறியின் ஊசி ஆகிய எதுவும் அக்காற்றுக்குத் தப்புவதில்லை. அந்தக் காற்றே, சென்ற ஆண்டில் எங்கள் அயல்வீட்டுக் குசினியில் ஒரு சிறு கலவரத்தை விளைவித்தது.

அவ்வீட்டு அம்மையாரின் மகள் கனடாவில் வாழ்பவர். விடுமுறையில் வந்தபோது, தாயார் மரக்கறித் தோலையும் மீன் செதிலையும் வாளியில் இட்டுப் பின்வளவுக்குச் சுமந்து செல்வதைக் கண்டு மனம் பொறாமல், அந்நாட்டு வீடுகளில் உள்ளதைப் போன்ற கழிவரைக்கும் பொறி ஒன்றைத் தருவித்துத் தொட்டியின் கீழே பொருத்திக் கொடுத்துச் சென்றார். சில வாரங்கள் அது ஊரார் வந்து பார்க்கும் அதிசயமாக விளங்கியது. பின்னர் அம்மையார் பழைய வாளிக்கே திரும்பிவிட்டார். பொறி ஓராண்டுக்கு மேல் உறங்கியது.

மகள் மீண்டும் வருகிறார் என்ற செய்தி கிடைத்ததும், பேரன் அதனை இயக்கிப் பார்க்க முற்பட்டான். ஆளியை அழுத்தினான், ‘ம்ம்ம்’ என்றோர் உறுமல் எழுந்ததேயன்றிப் பொறி சுழலவில்லை. மறுபடியும் அழுத்தினான். நாலாம் முறை அந்த உறுமலும் நின்றது. “மோட்டார் எரிஞ்சு போச்சு, அம்மம்மா!” என்றவன், உள்ளே என்ன சிக்கியிருக்கிறதென்று பார்ப்பதற்காகத் தொட்டித் துவாரத்தினுள் கையை மணிக்கட்டுவரை நுழைத்தான். அதே வேளையில் அவன் தங்கை, இருட்டாக இருக்கிறதென்று, விளக்கின் ஆளியைத் தேடிச் சுவரில் விரல் வைத்தாள். அச்சுவரிலோ ஒன்றைப்போல் ஒன்றாக இரண்டு ஆளிகள்!

“கையை எடடா தம்பி!” என்று அம்மையார் இட்ட கூச்சல் எங்கள் வீட்டு முற்றம்வரை கேட்டது. நான் ஓடிச்சென்று பார்த்தபோது பையன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். காயம் எதுவும் இல்லை. அவன் தங்கைதான் அழுதுகொண்டிருந்தாள்.

இத்தகைய பொறி நம் நாட்டில் அரிது. ஆயினும் வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொருள்களோடு இதுவும் வந்து சேரலாம். இது தொடங்க மறுப்பதற்கான காரணங்களுட் சில, நம் வீட்டு அரைக்கும் பொறிகளுக்கும் பொருந்தும். ஆதலால் அன்று அக்குசினியில் நாங்கள் செய்தவற்றைச் சற்று விரித்துக் கூறுகிறேன்.

முதலில் மின்செருகியைக் கழற்றினோம். ஆளியை அணைத்தாற் போதாதா என்று கேட்பவர் அந்தச் சிறுமியின் விரலை நினைத்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னரும் துவாரத்தினுள் எவரும் கையிடவில்லை. மின்சூளும் நீண்ட இடுக்கியுமே உள்ளே சென்றன.

இப்பொறியினுள் கத்திகள் சுழல்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உள்ளே இருப்பது வட்டமான உருக்குத் தட்டு. அதன்மேல் அசையக்கூடிய இரண்டு முண்டுகள் உள்ளன. தட்டு வேகமாகச் சுழலும்போது, கழிவு சுற்றுச்சுவரை நோக்கி வீசப்படுகிறது. அச்சுவரில், காய்கறி துருவும் தகட்டைப்போன்ற பற்களுடைய வளையம் உண்டு. முண்டுகள் கழிவை அதன்மீது மோதித் தேய்க்க, பொடியானது தண்ணீரோடு குழாய்வழியே இறங்குகிறது. தட்டுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள வெளி மிக ஒடுங்கியது. ஒரு சிறு எலும்போ, போத்தல் மூடியோ, தேக்கரண்டியின் நுனியோ அதிற் சிக்கினாற் போதும், தட்டு நின்றுவிடும். ஒன்றுமே சிக்காவிடினும், நெடுங்காலம் ஈரத்தோடு சும்மா கிடந்தால் துருவே பசைபோற் பற்றிக்கொள்ளும்.

ஆதலின் நோயை அறியக் காதே முதற் கருவி. உறுமுகிறதா, மௌனமாக இருக்கிறதா? உறுமினால் மின்சாரம் வந்து சேர்கிறது, தட்டுத்தான் அசையவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்நிலையில் ஒரு விநாடியும் தாமதியாமல் அணைத்துவிட வேண்டும். சுழலாது நிற்கும் மோட்டார், சுழலும்போது இழுப்பதைப்போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; கம்பிச் சுருள் விரைவிற் கொதிக்கும். பேரன் நான்கு முறை அழுத்தியது இதனையே செய்தது. நல்ல வேளையாக, அடிப்பாகத்திலுள்ள சிறு சிவப்புப் பொத்தான் வெளியே துள்ளி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. நாலாம் முறை நேர்ந்த மௌனத்தின் இரகசியம் அதுவே. எரிந்துபோனது என்று அவன் எண்ணியது உண்மையில் எரியாமற் காத்த காவல்!

சில வகைகள் மூடியை வைத்துத் திருகினாலன்றி இயங்கா. அவற்றை வாங்கியவர் திறந்த வாயோடு ஆளியை அழுத்திவிட்டுப் பழுது என்று சோர்வதுண்டு. வேறு சில வீடுகளில் செருகியிற் குறையிருக்கும். அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். விழுந்த சுவிட்சை ஒருமுறை உயர்த்திப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால், தண்ணீர் மோட்டாரினுட் கசிந்திருக்கக்கூடும். அங்கே பிடிவாதம் கூடாது. மின்வேலை அறிந்தவரை அழைப்பதே முறை.

எங்கள் பொறியின் அடியில், நடுவே ஆறு மூலையுடைய குழி ஒன்று இருந்தது. அதிலே கால் அங்குலச் சாவியைச் செருகி இருபுறமும் அசைத்தால் தட்டை விடுவிக்கலாம். பேரனிடம் சைக்கிளுக்குரிய 6 மில்லிமீற்றர்ச் சாவிதான் இருந்தது. கால் அங்குலமோ 6.35 மில்லிமீற்றர். சாவி வழுக்கிற்று; வலிந்து திருப்பியிருந்தால் குழியின் மூலைகள் தேய்ந்து போயிருக்கும். எனவே தும்புத்தடியின் காம்பை மேலிருந்து இறக்கி, ஒரு முண்டின் பக்கத்தில் ஊன்றி, மெல்ல நெம்பினோம். முதலில் அசையவில்லை. பின்னர் ‘கரக்’ என்று ஓர் ஓசை! தட்டு ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னும் சிறிது நேரத்தில் முழு வட்டமும் வந்தது. இடுக்கியில் அகப்பட்டவை செந்நிறத் துருவும், நண்டுக் கோதின் ஒரு துண்டும். கடற்கரைப் பட்டினத்துக் குசினியல்லவா!

மோட்டார் ஆறும்வரை ஒரு கால்மணி நேரம் தேநீர் குடித்தோம். சூட்டோடு அழுத்தினால் அந்தப் பொத்தான் உள்ளே நிற்பதில்லை. பிறகு பொத்தானை அழுத்திச் செருகியை மாட்டித் தண்ணீரைத் திறந்து விட்டு ஆளியைப் போட்டபோது, பொறி எதுவும் நடவாததுபோலச் சுழன்றது.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், நொடிக்கு 60 சுற்று. நம் நாட்டிலோ 230 வோல்ற், 50 சுற்று. அங்கிருந்து வந்த பொறியை நேரே நம் செருகியில் மாட்டினால் அழிவு நிச்சயம். இவ்வீட்டில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டியொன்று வைத்திருந்தனர். ஆயின் அப்பெட்டி வோல்றைத்தான் குறைக்கும்; சுற்றை மாற்றாது. அங்கே நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,725 முறை சுழலும் மோட்டார் இங்கே 1,425 அளவிற் சுழன்று, கூடுதலாகச் சூடேறும். தொடக்கத்தில் இழுக்கும் பேரோட்டத்தைத் தாங்கமாட்டாத சிறு பெட்டியாயின், பொறி நலமாக இருந்தும் உறுமிக்கொண்டே நிற்கும். வாங்குவதாயின் 230 வோல்ற், 50 சுற்றுக்கென்றே செய்ததை வாங்குவது நன்று.

இதனை ஆக்கியவர் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ரசீன் நகரில் வாழ்ந்த ஜோன் ஹேம்ஸ் என்னும் கட்டடக்கலைஞர். 1927இல் முயற்சியைத் தொடங்கி, 1935இல் காப்புரிமை பெற்று, 1938இல் கம்பெனி அமைத்தார். ஆயினும் எல்லா நகரங்களும் இதனை வரவேற்கவில்லை. சாக்கடைக்குக் கேடு என்று அஞ்சிய நியூயோர்க் மாநகர் நெடுங்காலம் தடுத்துவைத்து, ஆராய்ந்து பார்த்த பின்னர் 1997இலேயே தடையை நீக்கிற்று.

நம் ஊர்களில் அந்த அச்சத்துக்கு வேறு நியாயம் உண்டு. நம் வீடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு நகரச் சாக்கடை இணைப்பு இல்லை, வளவுக்குள்ளேயே கழிவுக்குழி. அரைத்த கழிவு அக்குழிக்குட் போனால் அடிமண்டி விரைவில் நிரம்பும். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையும் எண்ணெயும் சேர்ந்தால் குழாயே அடைபடும். முருங்கைக்காய்த் தும்போ தட்டைச் சுற்றிக்கொள்ளும். எனக்குக் கேட்டால், வாழைக்கும் தென்னைக்கும் இடமுள்ள வளவில் இப்பொறி தேவையற்றது என்பேன். அடுக்குமாடி வீட்டில் வாழ்வோர் நிலை வேறு. குசினிக் கழிவு சிறு பொருளன்று என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுப் பொழுதில், கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததன்றோ!

மகள் வந்து நின்ற மூன்று வாரங்களும் பொறி ஒழுங்காக இயங்கியது. அவர் புறப்பட்ட மறுநாள், வாளியோடு பின்வளவுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மையாரை வேலியோரத்திற் கண்டேன். “கிழமைக்கு ஒருக்கா தண்ணி விட்டுச் சுத்த விடுறன், துருப்பிடிக்காது” என்றார். சுவரிலிருந்த அந்த இரண்டாம் ஆளியைப் பேரன் கழற்றி எடுத்து, எட்டாத உயரத்திற் பொருத்துவித்திருந்தான்.